கம்பளி இல்லாத சனிக்கிழமை

வரிசையாக நிற்கிறார்கள், வேனிலிருந்து இறங்கும் விருந்தினரை வரவேற்க நிற்பதுபோலவே நிற்கிறார்கள், அதே புல்வெளி, அதே பச்சைச் சீருடை, வயிற்றுக்கு மேலே கோத்த அதே கைகள், சந்தனமும் ரோஜாவும் வைத்த தட்டு ஒன்றுதான் இன்றைக்கு இல்லை, எதிரே மூங்கில் நாற்காலியில் கோட்டாட்சியர் அம்மையார் அமர்ந்திருக்கிறார், பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் எழுதுகிறார், அவர்களுக்குப் பின்னால் விடுதியின் மேனேஜர் வரதன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறார், அம்மையார் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறார், உங்களுக்கு எல்லாம் போத்திக்கக் கம்பளி குடுத்திருந்தாங்களா, குடுத்திருந்தாங்கம்மா, என்கிறது முதல் குரல், குடுத்திருந்தாங்கம்மா, என்கிறது அடுத்தது, வரிசையின் கடைசியில் நிற்கும் சுடர்க்கொடி அந்தப் பொய் வாய் மாறி வாய் மாறித் தன்னை நோக்கி நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், நேற்று விடியற்காலை பின்பக்கத் தகரக் கொட்டகையில் இரண்டு பேர் செத்துக் கிடந்தார்கள், ஜெனிட்டா ஒருத்தி, தவசி ஒருவன், இருவரும் இவளைப் போலச் சீசன் வேலைக்குச் சமவெளியிலிருந்து மலையேறி வந்தவர்கள், அவர்கள் ஏன் செத்தார்கள் என்பதற்கான விசாரணை இது, ஆனால் புல்வெளி என்னவோ அடுத்த வேன் வரப்போவதுபோலத்தான் இருக்கிறது, வெயில்கூட வந்துவிட்டது, சனிக்கிழமை வராத வெயில்.

சித்திரை பிறந்ததும் மலைக்கு ஆள் எடுப்பார்கள், பரீட்சை முடித்தவர்கள், பரீட்சையில் தோற்றவர்கள், மேலே படிக்க நினைப்பவர்கள், நினைக்கக்கூட வழியில்லாதவர்கள் எல்லாரையும் வத்தலக்குண்டில் ஒரே பஸ்ஸில் ஏற்றினார்கள், கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு புரண்டு ஜன்னலில் தலைசாய்த்த சுடர்க்கொடியின் உள்ளங்கையில் யாரோ பாதி எலுமிச்சம்பழத்தை அழுத்துகிறார்கள், மோந்துக்கிட்டே வாடி, விழுங்கிராத, எனக்கும் வேணும், என்று அதட்டுகிறாள் ஒருத்தி, அவள்தான் ஜெனிட்டா, முன்பின் தெரியாதவளை முதல் வார்த்தையிலேயே அதட்டும் உரிமை அவளுக்கு எங்கிருந்து வந்தது, அவளுடைய அம்மா ஆரோக்கியமும் அப்படித்தானாம், கோயிலில் சாமியாரையே பிரசங்கத்தைச் சுருக்கச் சொல்லுவாளாம், பின்சீட்டில் ஒருவன் சிரிக்கிறான், பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை கிடைக்காத தவசி, இந்த வளவுக்கே இப்படின்னா மேல போயி என்ன செய்வீங்க தாயி, என்கிறான், அடுத்த வளைவில் அவனும் ஜன்னலில் தலைசாய்க்கிறான். மேனேஜர் வரதன் முதல்நாள் எல்லாருடைய பெயரையும் கேட்டார், பஞ்சாலைத் தொழிலாளியான அப்பா ஏதோ பொதுக்கூட்டத்தில் கேட்டு மனம் நெகிழ்ந்து மகளுக்கு வைத்த பெயரை அவள் நிமிர்ந்து சொன்னாள், இதெல்லாம் கெஸ்ட் வாயில நுழையாதும்மா, சுடின்னு வச்சுக்க, என்றார் அவர், காலை முதல் விறகுக் கொதிகலனிலிருந்து குடில் குடிலாக வாளி சுமப்பது அவள் வேலை என்று ஆனபின், ஏ சுடுதண்ணி, என்று கூப்பிட ஆரம்பித்தான் தவசி, ஏ சுடுதண்ணி, மூணாம் நம்பர்ல ஒரு அம்மா உன்னையக் கேட்குது, தண்ணி ஆறிப்போச்சாம், நீயும் ஆறிப்போயிராத, என்பான், வாளியோடு அவனைத் துரத்தியிருக்கிறாள், புல்வெளியில், இதே புல்வெளியில், இப்போது போலீஸ்காரரின் பூட்ஸ் இருக்கும் இடத்தில்.

கம்பளிக் கதை அவளுக்கு இரண்டாம் வாரம்தான் விளங்கியது. வாரக்கடைசியில் விடுதி நிறைந்து வழியும், ஓர் அறைக்கு ஒரு குடும்பம் என்றிருந்தது போய் ஓர் அறைக்குள் மூன்று குடும்பம் படுக்கும், கூடுதல் படுக்கைக்குக் கூடுதல் கம்பளி வேண்டும், வாங்கி வைப்பதற்கு முதலாளிக்கு மனமில்லை, ஆகவே சனிக்கிழமை மதியம் தொழிலாளர் கொட்டகைக்குத் தள்ளுவண்டி வரும், அவர்கள் போர்த்திக்கொள்ளும் கம்பளிகளை வாரிக்கொண்டு போகும், விருந்தினர் கீழே இறங்கியபிறகு திங்கட்கிழமை திருப்பிக் கொண்டுவந்து கொட்டும், துவைக்கத்தான் எடுத்துப் போகிறார்கள் என்று முதல்முறை நினைத்துக்கொண்ட சுடர்க்கொடியைப் பார்த்து ஜெனிட்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், தொவைக்கவா, அடி போடி, நம்ம உடம்புச் சூட்டுல பழக்கி வச்சிருக்கோம்ல, அதான் வாங்கிட்டுப் போறாங்க. சனிக்கிழமைகளில் அவர்கள் இருந்த துணியை எல்லாம் உடுத்திக்கொண்டு, சாக்குக்குள் காலை நுழைத்துக்கொண்டு, முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்தார்கள், திங்கட்கிழமை கம்பளி திரும்பியதும் ஜெனிட்டா ஒரு விளையாட்டு வைத்திருந்தாள், தன் கம்பளியை முகத்தில் புதைத்து மோந்து பார்த்து, எனக்கு இந்த வாரம் புதுசாக் கல்யாணமான பொண்ணுடி, மல்லிகையும் ஏதோ சென்ட்டும், என்பாள், சுடர்க்கொடியுடையதைப் பிடுங்கி மோந்து, உனக்குச் சுருட்டுக் குடிக்கிற கெழவரு, நல்லா இரு, என்பாள், தவசி தன்னுடையதை நீட்டினால் மூக்கை மூடிக்கொண்டு, இது யாருமில்லடா, நீயேதான், என்பாள். திங்கட்கிழமை அவர்களுக்குப் பண்டிகை, விருந்தினர் விட்டுப்போன சோப்பில் குளிப்பார்கள், யாரோ மறந்துவிட்ட கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜெனிட்டா ஊஞ்சலில் கால்மேல் கால் போட்டு அமர்வாள், ஏம்ப்பா, டீயில சக்கர கம்மியா இருக்கு, யாருப்பா இங்க மேனேஜர், என்று அதட்டுவாள், தவசி வளைந்து நிற்பான், மன்னிச்சுக்கங்க மேடம், மாடு இன்னைக்கு லீவு, வெறும் தண்ணிதான், என்பான், இப்படிப் பேசினா உன் சீட்டக் கிழிச்சிருவேன் தெரியுமா, கிழிங்க மேடம், உங்களோடயே கீழ வந்துர்றேன், சிரிப்பு, ஊஞ்சலின் சங்கிலிச் சத்தம், கேமராவுக்கு முன்னால் மூன்று முகங்கள், அந்தப் படங்கள் இன்னும் சுடர்க்கொடியின் போனில் இருக்கின்றன, நேற்றிலிருந்து அவள் அவற்றைத் திறக்கவில்லை, இந்தச் சீசன் முடிந்தால் ஜெனிட்டா நர்சிங் சேர்ந்திருப்பாள், ஊசி போடறப்ப உனக்கு மட்டும் வலிக்கிற மாதிரிப் போடுவேன், என்று தவசியிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை வந்துவிடுகிறது, எப்படிச் சுற்றிப் போனாலும் நினைவு அந்த வளைவில்தான் வந்து நிற்கிறது, மதியமே மழை, மதியமே தள்ளுவண்டி, வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாயிலில் ஒலியெழுப்புகின்றன, ஓட்டுநர்கள் படுக்க இடமில்லையென்று ஆண்களின் அறையை அவர்களுக்குத் திறந்துவிடுகிறார் வரதன், சமையல்காரர்கள் அடுப்படியில் ஒதுங்கினார்கள், தவசிக்கு அங்கேயும் இடமில்லை, நீ எங்கயாச்சும் அட்ஜஸ்ட் பண்ணிக்கப்பா, ஒரு நாள்தானே, என்று சொல்லிவிட்டுப் போகிறார். அன்று நடனமும் உண்டு, மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் மக்களில் ஒருவர்கூட அந்த விடுதியின் வாசற்படியை மிதித்ததில்லை, ஆனாலும் சனிக்கிழமைதோறும் தீக்குண்டத்தைச் சுற்றி மலைவாசி நடனம் என்று ஒன்று நடக்கும், நிலக்கோட்டைப் பக்கத்துத் தவசிக்கு இடுப்பில் இலையைக் கட்டி, முகத்தில் சுண்ணாம்புக் கோடு இழுத்து, வெற்றுடம்போடு ஆடவிடுவார்கள், விருந்தினர் குழந்தைகளைத் தூக்கிவைத்துக்கொண்டு படமெடுப்பார்கள், ஏலே காட்டுவாசி, வாட்ச்சக் கழட்டிட்டுப் போடா, என்று முதுகில் தட்டி அனுப்பினாள் ஜெனிட்டா, தூறலில் ஆடி முடித்து, வேறு போக்கிடமில்லாமல் அவர்கள் இருவரும் படுக்கும் கொட்டகைக்கு வந்தபோது அவனுடைய பற்கள் அடித்துக்கொண்டிருந்தன, சிரிக்க முயன்றான், முடியவில்லை. அப்போதுதான் அந்த யோசனை அவனுக்கு வந்தது, விருந்தினர் எழுந்துபோன பிறகு குண்டத்தில் கனன்று கிடந்த கங்குகளை மண் சுமக்கும் இரும்புப் பாண்டுச் சட்டியில் அள்ளினான், அவசரக்காரன் என்று அவனைச் சொல்லவே முடியாது, சட்டியைக் கொட்டகைக்கு வெளியே வைத்து விசிறிக்கொண்டே காத்திருந்தான், புகை அடங்கட்டும் தாயி, பொகதான் ஆளக் கொல்லும், கரி நல்லாக் கனிஞ்சிருச்சுன்னா பயமே இல்ல, என்றான், கடைசிப் புகையிழையும் அற்றுப்போன பின்புதான் சட்டியை உள்ளே தூக்கி வந்தான், சன்னல் திறந்தே கிடக்கும் ஊரில், காற்று ஒருபோதும் கதவைச் சாத்தவிடாத ஊரில் பிறந்தவர்கள் மூவரும், புகையில்லாத கங்கு மூடிய அறையில் என்ன செய்யும் என்று யார் அவர்களுக்குச் சொன்னார்கள், சொல்லவேண்டியவர்கள் கம்பளியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள், கதவிடுக்கில் சாக்கைத் திணித்தாள் ஜெனிட்டா, தகரத்தில் இருந்த ஓட்டையைப் பழைய துணியால் அடைத்தாள் சுடர்க்கொடி, அந்தக் கதவு தாழ்ப்பாள் போட்டால்தான் காற்றில் நிற்கும், ஆகவே தாழ் போட்டார்கள், சட்டியைச் சுற்றி மூவரும் குந்தியிருந்தார்கள், உள்ளங்கைகள் சிவந்தன, அப்பாடி, என்றாள் ஜெனிட்டா, அந்த அப்பாடியில் எத்தனை சனிக்கிழமைக் குளிர் இறங்கியது, அதற்குள் போன் அடித்தது, ஐந்தாம் குடிலில் ஒரு குழந்தை பால் கக்கிவிட்டது, சுடியை வரச்சொல்லு, என்றார்கள், இவள் எழுந்தாள், சீக்கிரம் வாடி, நடுவுல உனக்கு எடம் வச்சிருக்கோம், என்று சொல்லிப் பின்னாலேயே தாழைப் போட்டுக்கொண்டாள் ஜெனிட்டா.

ஐந்தாம் குடிலில் குழந்தை மறுபடி மறுபடி கக்கியது, தரையைத் துடைத்தாள், கம்பளியின் ஒரு மூலையை மட்டும் சோப்புப்போட்டு அலசிப் பிழிந்தாள், இங்கயே இரும்மா, திரும்பக் கூப்பிட முடியாதுல்ல, என்றாள் அந்தத் தாய், வராந்தாச் சோபாவில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தாள், விடிந்து கொட்டகைக்கு வந்தால் கதவு திறக்கவில்லை, ஜெனி, ஜெனி, என்கிறாள், எந்திரிடி, எருமை, என்கிறாள், தவசி, என்கிறாள், சமையல் மாஸ்டர் ஒச்சப்பன் அடுப்படியிலிருந்து ஓடிவந்து தோளால் இடித்தார், உள்ளே சட்டி சாம்பலாகிக் கிடந்தது, இருவரும் சுவரோரம் எதிரெதிரே சாய்ந்து, இன்னும் குளிர் காய்கிறவர்களைப் போல, கன்னங்கள் சிவந்து, உயிரோடிருந்தபோது ஒருநாளும் அந்தச் சிவப்பு அந்தக் கன்னங்களில் ஏறியதில்லை. சுடர்க்கொடி எங்கேயோ விழுந்தாள், யாரோ தண்ணீர் தெளித்தார்கள், எழுந்து மீண்டும் கொட்டகைக்குள் பார்த்தபோது போலீஸ் ஜீப் அப்போதுதான் வாயிலுக்குள் நுழைந்துகொண்டிருந்தது, அதற்குள் கொட்டகையில் படுக்கைக்கு இரண்டாகக் கம்பளிகள் மடித்துவைக்கப்பட்டிருந்தன, அழகாக, மூலை மூலையோடு சேர்த்து, ஜெனிட்டாவின் படுக்கையில் மேலேயிருந்த கம்பளியைத் தொட்டாள், ஒரு மூலை ஈரமாக இருந்தது, பால் வாடை அடித்தது. அன்று மதியத்துக்குள் கதை கீழே இறங்கிவிட்டது, வேனைவிட வேகமாக இறங்கியது, உள்பக்கம் தாழ்போட்ட அறை, ஒரு பெண், ஓர் ஆண், அவன் எந்தத் தெரு, அவள் எந்தத் தெரு, கங்கு எதற்கு எரித்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை, தெருவைத்தான் கேட்டார்கள், ஜெனிட்டாவின் அப்பா போனில் ஒரே வாக்கியம் சொன்னாராம், அங்கிட்டே பொதைச்சிருங்க, ஊருக்குக் கொண்டுவந்தா நான் இருக்க மாட்டேன், தாய் ஆரோக்கியம் மட்டும் கொழுந்தனாரை இழுத்துக்கொண்டு மலையேறி வந்தாள், ஆஸ்பத்திரியில் மகளின் முகத்தைப் பார்க்க மறுத்துவிட்டாள், முந்தானையால் தலையை மூடிக்கொண்டு அதோ போர்ட்டிகோப் படியில் உட்கார்ந்திருக்கிறாள், நேற்றிலிருந்து அவள் வாயிலிருந்து மகளின் பெயர் வரவில்லை, அவ, என்கிறாள், அவ செஞ்சதுக்கு, என்கிறாள், அதற்குமேல் போவதில்லை.

காலையில் வரதன் சுடர்க்கொடியை ஸ்டோர் ரூமுக்கு அழைத்து உட்காரச் சொன்னார், மூன்று மாதத்தில் முதல்முறையாக உட்காரச் சொன்னார், பாரும்மா, நடந்தது நடந்துபோச்சு, கம்பளி இல்லைன்னு நீ சொன்னா, அந்த ரூம்ல நீயும் இருந்தேன்னு சொல்லவேண்டி வரும், ஒரு பையன், ரெண்டு பொண்ணு, பேப்பர்ல எழுதுறவன் எப்படி எழுதுவான்னு நினைச்சுப் பாரு, நாளைக்கு உன்னையக் கட்டிக்க எவன் வருவான், உங்க அப்பா தெருவுல நடக்க வேணாமா, நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், என் பொண்ணா இருந்தாலும் இதத்தான் சொல்லுவேன். அவள் தலையாட்டினாள், ஆட்டியதாக அவர் எடுத்துக்கொண்டார், அந்தத் தலையாட்டல் புல்வெளிவரை அவள் கழுத்தில் சுமையாகத் தொங்கி வந்தது. நிற்கிறாள், கேட்கிறாள், தன்னையே கேட்கிறாள், மானம் என்கிறார்களே, எது மானம், இருந்த கம்பளியை உருவி எடுத்தவனுக்கு அது போகவில்லை, பாலேறிய கம்பளியைப் பிணத்தின் படுக்கையில் மடித்துவைத்த கைக்கு அது போகவில்லை, இலையைக் கட்டி ஆடவிட்டுக் கைதட்டியவர்களுக்கு அது போகவில்லை, நடுங்கிப்போய் நெருப்பின் ஓரம் ஒடுங்கிய இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் போய்விட்டதா, உயிரோடிருந்தபோது ஒரு கம்பளியைத் தராதவர்கள் செத்தபின் பழியைக் கொண்டுவந்து போர்த்துகிறார்களே, இந்தப் போர்வைக்கு மட்டும் எப்படித் தட்டுப்பாடே வருவதில்லை, அவர்கள் காதலித்தார்களா, தெரியாது, ஒருவேளை காதலித்திருக்கலாம், ஊசியை வலிக்கும்படி போடுவேன் என்று சொன்னதில் அது இருந்திருக்கலாம், காதலித்திருந்தால்தான் என்ன, காதலித்தவர்களுக்குக் குளிராதா, எந்தத் தெருவில் பிறந்தவனுக்குக் குளிராது, எந்தத் தெருவில் பிறந்தவளுக்கு மூச்சு முட்டாது, இதை நான் சொல்லாவிட்டால் ஜெனிட்டா இந்த மலையில் யாரும் வராத குழியில் கிடப்பாள், தவசியின் தெருவுக்குள் நாளை யாராவது தடியோடு போவார்கள், சொன்னால், ஆமாம், என் பெயரும் அந்த அறைக்குள் போகும், போகட்டும், அங்கே எனக்கு நடுவில் இடம் வைத்திருந்தார்கள்.

குடுத்திருந்தாங்களா மாஸ்டர், என்று அம்மையார் கேட்கிறார், சுடர்க்கொடிக்கு முன்னால் நிற்கும் ஒச்சப்பன் மாஸ்டர், தோளால் கதவை இடித்த அந்த மனிதர், புல்லைப் பார்க்கிறார், வரதனின் செருப்பைப் பார்க்கிறார், குடுத்திருந்தாங்கம்மா, என்கிறார், அந்தத் தோள் ஒருபக்கமாக இறங்கிப்போகிறது. அடுத்தது நீயாம்மா, பேரு, என்கிறார் அம்மையார், சுடர்க்கொடி, என்றாள், சுடின்னு கூப்பிடுவோம் மேடம், என்று வரதன் முந்திக்கொண்டார், சுடர்க்கொடி, என்றாள் மறுபடியும், கோத்திருந்த கையைப் பிரித்து வரிசையைவிட்டு ஓரடி முன்னால் வந்தாள், குரல் பேசப் பேச நிமிர்ந்தது, கம்பளி இல்லம்மா, சனிக்கிழமை எங்களுக்குக் கம்பளி கிடையாது, எந்தச் சனிக்கிழமையும் கிடையாது, கெஸ்ட்டுக்கு எடுத்துட்டுப் போயிருவாங்க, இப்பக் கொட்டகைக்குள்ள இருக்கிறது விடிஞ்சப்புறம் கொண்டாந்து வச்சது, ஜெனிட்டா படுக்கையில மேல கிடக்கிறது அஞ்சாம் நம்பர் குடில்ல இருந்தது, குழந்த பால் கக்குன இடத்த நான்தான் அலசுனேன், மேடம், இந்தப் பொண்ணு அதிர்ச்சியில உளறுது, என்கிறார் வரதன், நீங்க சும்மா இருங்க, என்கிறார் அம்மையார், திரும்பிப் பார்க்காமலே, நீ அப்ப எங்கம்மா இருந்த, அதே ரூம்லதாம்மா இருந்தேன், மூணு பேரும் ஒண்ணாத்தான் குளிர் காஞ்சோம், ஆம்பளைங்க ரூம டிரைவருங்களுக்குக் குடுத்துட்டாங்க, தவசிக்குப் படுக்க எடமில்ல, மழையில ஆடிட்டு வந்து வெடவெடன்னு நடுங்குனான், கதவு காத்துல நிக்காதும்மா, அதுக்குத்தான் தாப்பா, நீங்க வேணும்னா இப்பப் போயிச் சாத்திப் பாருங்க. வரிசையில் யாரோ விம்மினார்கள், ஆமாம்மா, அந்தப் பிள்ள சொல்றதுதான், என்றார் ஒச்சப்பன், முகத்தைச் சீருடையின் கையால் துடைத்துக்கொண்டே, நான் சொன்னத அடிச்சிருங்கம்மா, என்றார், அந்த வரிசை கலைந்துபோயிற்று. வரதன் யாருக்கோ போன் செய்தபடி விலகி நடந்தார், அவருக்கு இன்னும் யார் யாரோ இருக்கிறார்கள், முதலாளி இருக்கிறார், முதலாளிக்கு மேலும் ஆள் இருக்கிறார்கள், இந்த விசாரணை எங்கே போய்த் தேயும் என்று சுடர்க்கொடிக்குத் தெரியாது.

அப்போதுதான் போர்ட்டிகோப் படியிலிருந்து ஆரோக்கியம் எழுந்து வருகிறாள், முந்தானை தலையிலிருந்து நழுவிவிட்டது, அதை அவள் கவனிக்கவில்லை, மதினி, இருங்க மதினி, என்று கொழுந்தனார் பின்னால் வருகிறார், புல்வெளியின் நடுவில் வந்து சுடர்க்கொடியின் இரண்டு தோளையும் பற்றுகிறாள், அடிக்கப் போகிறாள் என்று இவள் கண்ணை மூடிக்கொண்டாள், அடி விழவில்லை, அந்தப் பையனைப் பற்றிக் கேட்பாள் என்று காத்திருந்தாள், தாழ்ப்பாளைப் பற்றி, தெருவைப் பற்றி, அதையும் கேட்கவில்லை, முகத்துக்கு மிக அருகில் வந்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில், ரொம்பக் குளிருச்சாடி அவளுக்கு, என்றாள். இல்லம்மா, என்று சொல்லிவிடலாம், கங்கு இருந்தது, கை சிவந்தது, அப்பாடி என்றாள், அதைச் சொல்லிவிடலாம், ஆனால் எத்தனையோ சனிக்கிழமைகள் தன் முதுகோடு ஒட்டி நடுங்கிய அந்த முதுகு இன்னும் இவள் முதுகில் இருக்கிறது, ஆமாம்மா, என்றாள் சுடர்க்கொடி, ரொம்பக் குளிருச்சு. ஆரோக்கியத்தின் கைகள் தோளிலிருந்து வழுக்கி இறங்கின, ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்தாள், வண்டிய எடுங்க, எம்பிள்ளைய வீட்டுக்குக் கொண்டுபோகணும், என்றாள், அண்ணன் வேணாம்னுட்டாரே மதினி, என்றார் கொழுந்தனார், அவரக் கெடக்கச் சொல்லுங்க, என்றாள், பிறகு வாயைத் திறந்து, ஜெனிட்டா, என்றாள், ஏ ஜெனிட்டா, என்று முழுக்குரலில் கூப்பிட்டாள், கொட்டகைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள், விளையாடப்போன பிள்ளையை விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டுக்கு அழைப்பதுபோல மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தாள்.